‘அடைப்பு’ வேண்டாம், ‘துளைமூடல்’ என்போம்

வணக்கம்.

இதய அறைகளுக்கு இடையிலான சுவரில் உள்ள துளையை அறுவையாலோ, இரத்தக்குழாய் வழியே செலுத்தும் குழாயாலோ சரிசெய்யும் இரு முறைகளையும் ‘அறுவை அடைப்பு’, ‘வடிகுழாய் அடைப்பு’ என அழைக்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. ‘அடைப்பு’ என்றதும் மாரடைப்பும் இரத்தக்குழாய் அடைப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. குழந்தைக்கு இதயத்தில் அடைப்பு செய்யப்போவதாக ஒப்புதல் படிவத்தில் படிக்கும் தாய் என்ன பாடுபடுவார்!

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கீழறை இடைச்சுவரின் சவ்வுப் பகுதியை ஒட்டிய துளையை மூடும்போது, அருகில் செல்லும் மின்கடத்தல் பாதை பழுதுபட்டுத் துடிப்பு தடைபடலாம். அறுவையிலும் நேரலாம், துளையில் பொருத்தும் கருவியாலும் நேரலாம். அந்தத் தடையையும் ‘இதய அடைப்பு’ என்றுதான் பலர் எழுதுகிறார்கள். சிகிச்சைக்கும் அதனால் விளையும் கேட்டுக்கும் ஒரே பெயர் ஆகவே ஆகாது.

‘துளைமூடல்’ என்றால் இந்தக் குழப்பம் இல்லை. பொருத்தும் கருவி ‘துளைமூடி’. (அதை ‘அடைப்பான்’ எனவும் இயலாது; அது ஏற்கெனவே ஒரு கால்நடை நோயின் பெயர்.)

அடுத்து ‘வடிகுழாய்’. இங்கே எதுவும் வடிவதில்லை. தொடைச் சிரை வழியாகச் செலுத்தும் மெல்லிய குழாய், நிக்கல்-டைட்டானியம் கம்பிவலையாலான துளைமூடியைச் சுருக்கிய நிலையில் இதயத்துக்குக் கொண்டுசெல்கிறது. அங்கே அது இரு வட்டுகளாக விரிந்து இடைச்சுவரை இருபுறமும் கவ்விக்கொள்கிறது. சில மாதங்களில் இதயத்தின் உட்படலம் அதன்மேல் படர்ந்துவிடும். ‘சிரைவழி’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் கீழறைத் துளைகளை மூடத் தமனியையும் பயன்படுத்துகிறார்கள். சிரை, தமனி இரண்டும் நாளங்களே என்பதால், இரண்டையும் தழுவ ‘நாளவழித் துளைமூடல்’ என்பதே என் பரிந்துரை.

நெஞ்சைத் திறந்து, (அறுவையின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் ஏற்கும்) இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் தைத்தோ ஒட்டு வைத்தோ மூடுவது ‘அறுவைத் துளைமூடல்’. அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் கிப்பன் 1953இல் இவ்வியந்திரத்தைக் கொண்டு மேலறைத் துளையை மூடியது முதல் தொடரும் முறை இது. நாளவழி முறையில் நெஞ்சில் தழும்பில்லை, வீடு திரும்புவதும் விரைவு. அதற்காக அதை ‘அறுவையில்லா முறை’ என்று அழைப்பதை எதிர்க்கிறேன். அப்பெயர், அறுவை காலாவதியாகிவிட்டது என்ற எண்ணத்தை விதைக்கும். மேலறை இடைச்சுவரின் துளைகளில் நடுப்பகுதித் துளைக்கே துளைமூடி பொருந்தும். அதற்கும் சுற்றிலும் போதிய விளிம்புத் தசை வேண்டும். அதே சுவரின் கீழ்ப்பகுதித் துளைக்கும், பெருஞ்சிரை சேருமிடத்துத் துளைக்கும் பெரும்பாலும் அறுவைதான் வழி. துளைமூடி இடம்பெயர்ந்தாலும் சில வேளைகளில் அறுவை மருத்துவரே அதை எடுக்க வேண்டியிருக்கும்.

கவ்வுவதற்கான அந்தத் தசை ஓரத்தைத் ‘துளைவிளிம்பு’ என்று எழுதிவருகிறேன். ‘பற்றுவிளிம்பு’ இன்னும் பொருத்தமா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.