உங்கள் படத்தை யாராவது கேட்காமல் எடுத்துப் போட்டதுண்டா? பினாங்கு அனுபவங்கள்

பட்டர்வொர்த், புகைப்படக்காரர்:

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியில் எடுத்த படம். பால்குடம் சுமந்த ஓர் அம்மா. நெற்றியிலிருந்து திருநீறு கரைந்து வழிய, கண்கள் பாதி மூடியிருக்கும். கீழ் ஓரத்தில் என் பெயரோடு முகநூலில் போட்டிருந்தேன். அடுத்த தைப்பூசத்துக்கு முன்பு ஒரு கேட்டரிங்காரரின் விளம்பரத்தில் அதே படம். என் பெயர் இருந்த பகுதியை வெட்டிவிட்டு, அந்த அம்மாவின் தோள்மேல் ‘தலைக்கு 12 வெள்ளி’ என்று மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தார்கள்.

போன் செய்தேன். “அண்ணே, கூகிள்ல கிடந்த படம்தானே? வேணும்னா நன்றின்னு போட்டுடுறோம்” என்றார்.

நன்றி போட்டால் அனுமதி வாங்கியதாகிவிடாது. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் புகைப்படமும் கலைப்படைப்புதான். எங்கும் பதிய வேண்டியதில்லை, எடுத்த கணமே உரிமை வந்துவிடும். செய்தி, விமர்சனம், ஆய்வு போன்றவற்றுக்கு நியாயமான அளவில் பயன்படுத்த 13ஆம் பிரிவு இடம் தருகிறது. சாப்பாட்டு விளம்பரம் அந்தக் கணக்கில் வராது. எடுத்தவரின் பெயரை மறைத்து வெளியிடுவதைத் தடுக்க 25ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. வழக்கென்று போனால், சட்டம் வகுத்த இழப்பீடாக ஒரு படைப்புக்கு 25,000 ரிங்கிட் வரை நீதிமன்றம் விதிக்கலாம்.

நான் வழக்குக்குப் போகவில்லை. விளம்பரத்தைத் தேதி, இணைப்புமுகவரி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். கேமராவின் மூலக்கோப்பு கையில் இருந்தது. இரண்டையும் சேர்த்து முகநூலின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தில் அனுப்பினேன், படம் இறங்கியது.

ஆனால் மனதை அறுத்தது வேறு. அந்த அம்மா யார் என்று விசாரித்துப் போய்ப் பார்த்தேன். விளம்பரம் அவருக்கும் வந்திருந்தது. “வேண்டுதல் வச்சுத் தூக்கின குடம் தம்பி, சோறு விக்கவா?” என்று கேட்டார். படத்தில் இருப்பவருக்கு அந்தப் படத்தின்மேல் பதிப்புரிமை கிடையாது. அது எடுத்த என்னிடம்தான் இருக்கிறது. அதனால் அவருக்காகக் கேட்க வேண்டியவனும் நான்தான் என்று அன்று தோன்றியது. இப்போதெல்லாம் பக்தர்களின் முகம் நெருக்கமாகத் தெரியும் படமென்றால், அவர்களைத் தேடிக் கேட்ட பிறகே போடுகிறேன்.

பிறை, போன வருடம் திருமணமானவர்:

எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. என் கல்யாணப் படத்தை எடுத்த ஸ்டூடியோவே அதை ஒரு ஒப்பனைக் கடைக்குக் கொடுத்துவிட்டது. லிட்டில் இந்தியாவில் ஆளுயரப் பேனரில் என் முகம்! என் மாமியார்தான் முதலில் பார்த்தார். கேட்டால், “நாங்க எடுத்த படம், எங்க உரிமை” என்றார்கள். அப்படியில்லை. சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை எடுக்கச் சொன்னவருக்கே போகும், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால். எங்கள் ரசீதில் அப்படி ஒரு வரியும் இல்லை. அதைக் காட்டியதும் பேனரைக் கழற்றினார்கள். கல்யாணம் வைத்திருக்கும் தங்கச்சிகளே, முன்பணம் கட்டுவதற்கு முன் ஒப்பந்தத்தில் ‘விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம்’ என்று எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

ஜார்ஜ்டவுன், வடிவமைப்பாளர்:

சுவரோவியம் பற்றிப் பலர் என்னிடம் கேட்பதால் எழுதுகிறேன். லெபு ஆர்மேனியனில் 2012இல் எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் மாதிரி, பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் நிரந்தரமாக இருக்கும் கலைப்படைப்பைப் படியெடுக்க நம் சட்டம் விலக்கு தருகிறது. அதற்காக, அந்தச் சுவரை இன்னொருவர் எடுத்த படத்தைத் தூக்கிப் போஸ்ட்கார்டு அடிக்க முடியாது. அந்தப் படம் அவருடைய தனிப் படைப்பு. காலையில் கூட்டம் வருமுன் போனால் நாமே நன்றாக எடுத்துவிடலாம்.

அப்புறம், பட்டர்வொர்த் அண்ணன் சொன்னதோடு ஒன்று: விவகாரம் நீதிமன்றம் வரை போகும்போலத் தெரிந்தால், படம் என்னுடையது என்று எழுத்தில் சத்தியப் பிரமாணம் செய்து, படத்தின் பிரதியையும் அதோடு இணைத்து வையுங்கள். 42ஆம் பிரிவுப்படி அது முதல்நிலைச் சான்றாக, அதாவது எதிர்த்தரப்பு மறுத்துக் காட்டும்வரை செல்லும் சான்றாக, எடுத்துக்கொள்ளப்படும்.