ஏழிலை வந்தால் பூக்காதா? ரோஜா இலை: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கோவை, வடவள்ளி

"ஏனுங்க, இந்தக் கிளையில ஏழேழு எலையா வருதுங்க. காட்டுச்செடிதானுங்க, வெட்டீரட்டுங்களா?" பக்கத்து வீட்டு அக்கா கத்தரியோடு வந்து கேட்டார். ஐந்திலை பூக்கும், ஏழிலை பூக்காது என்பது இங்கே எல்லோரும் நம்பும் கணக்கு. முதலில் அடியைப் பாருங்கள் என்றேன். கிளை ஒட்டுக்கு, அதாவது நல்ல ரகத்தைக் காட்டு ரோஜாத் தண்டோடு சேர்த்த இடத்துக்கு, மேலிருந்துதான் வந்திருந்தது. வெட்டாமல் விட்டோம். இப்போது நுனியில் மொட்டு வைத்திருக்கிறது.

நாம் ஐந்து என்று எண்ணுவது முழுவதும் ஒரே இலைதான். நடுக்காம்பின் இரு பக்கமும் சோடி சோடியாகச் சிற்றிலைகள், நுனியில் தனியாக ஒன்று. அதனால்தான் மூன்று, ஐந்து, ஏழு என்று வருகிறது. காம்பு தண்டைத் தொடும் கக்கத்தில்தான் அடுத்த கிளைக்கான கணு இருக்கும். சிற்றிலைகளின் அடியில் எதுவும் இருக்காது, தடவிப் பாருங்கள். பூவை ஒட்டி மூன்றாக வருவது கீழே வரவர ஐந்தாகும், வீரியமான கிளையில் ஏழும் ஆகும். பூ முடிந்ததும் ஐந்து சிற்றிலை உள்ள இடத்துக்குச் சற்று மேலே கவாத்து செய்யச் சொல்வது, அங்கே தண்டும் கணுவும் திடமாக இருப்பதால்தான்.

நிஜக் காட்டுச்செடி ஒட்டுக்குக் கீழே, சில சமயம் மண்ணுக்குள்ளிருந்தே கிளம்பும். அதன் இலை நிறமும் அளவும் மேலே உள்ளதோடு சேராது. அதை மட்டும் அடியோடு பிய்த்து எடுங்கள், மேலாக வெட்டினால் மறுபடி துளிர்க்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து நல்ல கிளையை வெட்டுவதைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை.

அப்புறம், செம்பழுப்பாகத் தளிர் வந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம். பச்சையம் சேரும்வரை வெயிலிலிருந்து காக்கும் நிறமி அது.

பல்லடம்

எங்களுக்கு ஏழிலைப் பிரச்சினை இல்லைங்க, மஞ்சள்தான். போர் தண்ணி, சுண்ணாம்பு மண். தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. மண்ணில் இரும்பு இருந்தாலும் அந்தச் சுண்ணாம்பின் காரத்தன்மையில் வேர் எடுக்க முடியாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலமாக இலையில் தெளித்தேன். புதுத் தளிர் பச்சையாகவே வந்தது. அடியிலைகள் முதலில் மஞ்சளானால் அது வேறு, பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு.

கோபி

இலை ஓரத்தில் வட்ட வட்டமாக, கத்தரியால் நறுக்கினது மாதிரி வெட்டு. அம்மா புழு என்று மருந்தடிக்கச் சொன்னார். காலை வெயிலில் உட்கார்ந்து கவனித்தேன். ஒரு குட்டித் தேனீ துண்டை வெட்டி, வயிற்றடியில் இடுக்கிக்கொண்டு பறந்தது. மூங்கில் துளையில் அந்தத் துண்டுகளை அடுக்கித்தான் முட்டைக்கு அறை கட்டுகிறது. செடிக்கு இதனால் பெரிய கேடில்லை. இந்த வகைத் தேனீக்கள் துவரைப் பூவுக்கும் போகும், எங்கள் காட்டில் துவரை இருக்கிறது. மருந்து அடிக்க வேண்டாம் என்று அம்மாவும் ஒத்துக்கொண்டார்.