1991 போர் சரி, 2003 போர் தவறு என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

மலைக்கோட்டை மலர்:
கல்லூரியில் அடுத்த வாரம் விவாதம். பகை நாட்டின் மீது படை நடத்துவது நியாயமா என்பது தலைப்பு. நியாயம் என்று பேசும் அணியில் இருக்கிறேன். ஈராக்கை எடுத்துக்கொண்டேன். 1991-லும் 2003-லும் எதிரில் அதே சதாம் உசேன்தான், அடித்ததும் அதே அமெரிக்காதான். ஒன்றைச் சரி என்றால் மற்றதையும் சரி என்று சொல்லித்தான் ஆகவேண்டும் என்கிறாள் என் தோழி. எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் ஏன் என்று விளக்க வரவில்லை. அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

பாலாற்றங்கரை:
இரண்டுமே எண்ணெய்க்காகத்தான். ருவாண்டாவில் 1994-இல் லட்சக்கணக்கான மக்களை வெட்டிக் கொன்றபோது இந்த வேகத்தில் எந்தப் படை போனது?

பரங்கிப்பேட்டையான்:
நான் பார்த்தவன்மா. 1990-இல் குவைத்தில், சல்மியாவில் ஒரு பக்காலாவில், அதாவது சின்ன மளிகைக் கடையில் வேலை. ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை. விடிந்து கடையைத் திறக்கப் போனால் தெருமுனையில் ஈராக் டாங்கி நிற்கிறது. ஒரு நாட்டை ஒரே நாளில் விழுங்கிவிட்டார்கள். அப்புறம் குவைத் தினாரும் ஈராக் தினாரும் ஒரே மதிப்பு என்று அறிவித்தார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு நான்கு வருடமாகச் சேர்த்த காசு, அத்தோடு போனது.

பஸ்ஸில் பஸ்ரா, பாக்தாத் வழியாக ஜோர்டான் எல்லைக்குப் போனோம். பாலைவனத்தில் கூடாரத்தில் பதினோரு நாள், தண்ணீருக்கு வரிசை. அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் வந்து சேர்ந்தேன். அப்படி வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆகவே குவைத்தை மீட்கப் படை போகவேண்டும் என்று மனதார விரும்பியவன் நான். இன்றும் அது சரி என்றே சொல்வேன்.

எண்ணெய் ஒரு காரணம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நடந்த வரிசையைப் பார். எல்லை தாண்டியது ஈராக். அன்றைக்கே வெளியேறச் சொன்னது ஐ.நா. பாதுகாப்பு அவை. நான்கு நாளில் பொருளாதாரத் தடை வந்தது. நவம்பர் 29-ஆம் தேதி, வெளியேறாவிட்டால் படை நடத்தலாம் என்ற 678-ஆம் தீர்மானம்: 12 நாடுகள் ஆதரவு, கியூபாவும் ஏமனும் எதிர்ப்பு, சீனா நடுநிலை. ஜனவரி 15 வரை கெடு கொடுத்தார்கள். அதன் பிறகுதான் குண்டு. குவைத் மீண்டதும் நிறுத்தினார்கள், பாக்தாத் வரை போகவில்லை.

2003-இல் இதில் எது இருந்தது? ஈராக் யார் எல்லையையும் தாண்டவில்லை. ஐ.நா. ஆயுதச் சோதனையாளர் ஹான்ஸ் பிளிக்ஸின் குழு உள்ளே போய்ப் பேரழிவு ஆயுதங்களைத் தேடிக்கொண்டிருந்தது, இன்னும் சில மாதம் வேண்டும் என்று கேட்டது. தாக்குதலுக்கு அனுமதி தரும் புதிய தீர்மானத்துக்கு ஆதரவு திரளாததால் ஓட்டெடுப்புக்கே விடாமல் மார்ச் 20 அன்று அடித்தார்கள். இருப்பதாகச் சொன்ன பேரழிவு ஆயுதக் குவியல் கடைசி வரை கிடைக்கவே இல்லை. வந்த ஆபத்தைத் தடுப்பது வேறு, வரலாம் என்று சந்தேகப்பட்டு ஒரு நாட்டையே உடைப்பது வேறு. உன் தோழிக்கு இதைச் சொல்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் பேசும்மா. பாக்தாத்தில் எங்கள் பஸ் நின்றபோது ஒரு வயதான அம்மா முக்காட்டில் ரொட்டியைச் சுற்றிக் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். 1991 பிப்ரவரி 13-இல் அதே ஊரில், அமிரியா பதுங்குமிடத்தில் அமெரிக்கக் குண்டு விழுந்து 400 பேருக்கு மேல் இறந்தார்கள், பெண்களும் குழந்தைகளுமாக. ரேடியோவில் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் வேண்டும் என்று கேட்ட போர் அது.

பாலாற்றங்கரை:
ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன் என் ஒற்றை வரி சின்னதுதான். ஆனாலும் கேட்கிறேன். பாக்தாத் வரை போகாததை நல்லது என்கிறீர்கள். 1988-இல் வடக்கு ஈராக்கின் ஹலப்ஜா ஊரில் விஷவாயு போட்டு சுமார் 5,000 குர்து இன மக்களைக் கொன்றவர் சதாம். 1991 பிப்ரவரியில் ‘எழுந்து அவரை இறக்குங்கள்’ என்று ஈராக் மக்களிடம் சொன்னது அமெரிக்க அதிபர் புஷ்தானே? நம்பி எழுந்த ஷியாக்களையும் குர்துகளையும் சதாமின் படை நசுக்கியபோது எல்லைக்குப் பக்கத்திலேயே நின்றது அமெரிக்கப் படை.

பரங்கிப்பேட்டையான்:
உண்மை தம்பி. எழச் சொல்லிவிட்டுக் கைவிட்டது பெரிய துரோகம், அதை நான் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் அதற்கு மருந்து பாக்தாத்தைப் பிடிப்பதுதானா? அந்த ஏப்ரலிலேயே வடக்கே ஈராக் விமானம் பறக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். மலையில் குளிரில் கிடந்த குர்துகள் ஊர் திரும்பினார்கள். அதையே மார்ச்சில் தெற்கேயும் செய்திருக்கலாம். 1992-இல்தான் அங்கே தடை வந்தது, அதற்குள் பஸ்ரா பக்கம் எல்லாம் முடிந்திருந்தது.

மலைக்கோட்டை மலர்:
நன்றி ஐயா. அமிரியாவை நானே முதலில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கப் போகிறேன். அந்த ரொட்டி கொடுத்த அம்மாவைப் பற்றியும் சொல்லலாமா?

பரங்கிப்பேட்டையான்:
சொல்லும்மா. அவர் பெயர் கேட்டுக்கொள்ளவில்லை நான்.