மறு: ‘கிராட்டன்’ – வன்புலமா, திண்ணிலமா, அப்படியே விடலாமா?

அன்பர்களே,

முதலாண்டு நிலவியல் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் தென்னிந்தியாவின் தார்வார் கிராட்டன் பற்றிய பகுதி என் கையில். கிராட்டன் (craton) என்றால் கண்ட மேலோட்டில் நெடுங்காலமாக அசையாமல் நிலைத்துவிட்ட பழைய பகுதி. வெள்ளிக்குள் அதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்.

இந்த இழையில் வந்த ‘கருங்கல் நிலம்’ என்ற யோசனையை முதலில் விட்டுவிடுவோம். பெங்களூருக்குப் பக்கத்து ராமநகரக் குன்றுகளில் புதிதாக உடைத்த குளோஸ்பெட் கிரானைட்டைப் பார்த்தவர்கள் அதைக் கருங்கல் என்று எழுத மாட்டார்கள். இளஞ்சிவப்பில் பெரிய பெரிய பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள், நடுவில் கண்ணாடி மாதிரி குவார்ட்ஸ். கறுப்பு என்று இருப்பது பயோட்டைட் (கரும் அபிரகம்) துணுக்குகள்தான். பல்லாவரத்தில் கருங்கல் என்று உடைத்தது சார்னோக்கைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை வைத்து நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து பெயர் சூட்டினாரே, அதே வகைக் கல். கருங்கல் கொத்தனார்களின் சொல்லாகவே இருக்கட்டும், பாடத்தில் கிரானைட் கிரானைட்டாகவே இருக்கட்டும்.

அப்புறம், கிராட்டன் என்பது கிரானைட் மட்டுமல்ல. தார்வாரில் 300 கோடி ஆண்டு பழைய சாம்பல் நிற நைஸ் என்ற வரிவரியான உருமாறிய பாறை இருக்கிறது (பெங்களூரு லால்பாக் பாறை அந்தக் கூட்டம்தான்), பசும்பாறைப் பட்டைகள், அதாவது பெரும்பாலும் உருமாறிய பழைய எரிமலைப் பாறைகள், இருக்கின்றன. இவற்றுக்குப் பின்னால், சுமார் 252 கோடி ஆண்டுகளுக்கு முன், வடக்கு தெற்காக ஏறத்தாழ 400 கி.மீ. நீளத்துக்குக் குளோஸ்பெட் கிரானைட் குழம்பாக ஏறி உறைந்தது. ஆழத்துப் பழைய பாறை உருகும்போது யுரேனியம், தோரியம், பொட்டாசியம் எல்லாம் குழம்போடு மேலே வந்துவிடும். வெப்பம் தருகிற தனிமங்கள் போய்விட்டதால் மேலோட்டின் அடிப்பகுதி குளிர்ந்து இறுகும். நிலம் நிலைகொள்ள இது ஒரு முக்கியக் காரணம். எனவே சொல்லில் நிறமோ பழமையோ வர வேண்டியதில்லை, உறுதி வர வேண்டும். கிரேக்க வேரும் வலிமையைத்தானே சொல்கிறது.

‘திண்ணிலம்’ முன்வைத்தவர் திண், திண்மை, திண்ணை, திண்டு என்று போய்த் திண்டுக்கல் வரை வந்துவிட்டார். திண்டுக்கல் மலையைத் திண்டு என்று பெயர் வைத்தவரின் கண் எனக்கும் பிடிக்கும். ஆனால் மாணவர் ‘திண்ணிலம்’ என்பதைத் திடமான நிலம் என்று ஏதோ கட்டுமானத் துறைச் சொல்லாக எடுத்துக்கொள்வார்.

என் வாக்கு ‘வன்புலம்’. புறநானூற்றிலேயே வன்புலம், மென்புலம் இரண்டும் உண்டு, புதிதாக ஒட்டவைக்க வேண்டியதில்லை. அதற்காக மலையாக்கப் பட்டைகளை (நிலத்தட்டுகள் மோதி மலை எழும் பகுதிகளை) ‘மென்புலம்’ ஆக்கலாம் என்று நேற்று வந்த மடலை ஏற்க முடியாது. இமயம் மென்மையானதா? அவை அசைந்து மடங்குபவை, அவ்வளவுதான். ‘அசைபட்டை’ போதும்.

———

மறு: மறு:

வன்புலம் என்றால் குறிஞ்சியும் முல்லையும், நெல் உழவுக்கு வசப்படாத மேட்டுநிலம். படித்தவுடன் எனக்கு வரகும் தினையும்தான் தோன்றுகிறது. மாணவர் இணையத்தில் தேடினால் சங்கப் பாட்டு உரைகள் வரும், பாறை வராது. ‘கிராட்டன்’ என்றே விடுங்கள். ‘கி’ போட்டபோதே அது தமிழ் வாய்க்கு வந்துவிட்டது.

———

மறு: மறு: மறு:

சரி, ஆதரவு வன்புலத்துக்கே அதிகம். முதல் இடத்தில் ‘வன்புலம் (கிராட்டன்)’ என்று போட்டுப் பிறகு வன்புலம் என்றே கொண்டுபோகிறேன்.

———

மறு: மறு: மறு: மறு:

போடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் பல கிராட்டன்களுக்கு 200 கி.மீ. ஆழம் வரை அடி இருக்கிறது; ‘புலம்’ மேற்பரப்பைத் தாண்டுவதில்லை. அடுத்த பதிப்புக்கு முன் ‘வன்வேர்’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.