அலுவலக மின்னஞ்சலை ஏ.ஐ. திருத்தினால் அர்த்தமே மாறிவிடுகிறது, எப்படிக் கேட்பது?

கேள்வி

வாடிக்கையாளர்களுக்குப் போகும் மின்னஞ்சல்களை சாட்ஜிபிடியில் போட்டு "இதை இன்னும் நன்றாக எழுதிக் கொடு" என்று கேட்கிறேன். பிழைகள் போய்விடுகின்றன. ஆனால் நாலு வரி பத்து வரியாகிறது. "வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கப் பார்க்கிறோம்" என்பது "வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருவோம்" ஆகிவிடுகிறது. வேறு எப்படிக் கேட்கலாம்?

பதில் 1

"நன்றாக" என்றால் என்ன என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் அது தனக்குப் பழகிய அலுவலகக் கடித வார்ப்பில் ஊற்றிவிடுகிறது. அந்த வார்ப்பில் தயக்கச் சொற்கள் நிற்பதில்லை. "பார்க்கிறோம்" உறுதிமொழியானது அப்படித்தான்.

மாற்றி எழுதச் சொல்லாதீர்கள், குறை சொல்லச் சொல்லுங்கள். உதாரணமாக: "இதைப் படிப்பவர் கணக்குப் பிரிவு மேலாளர். தாமதத்தின் காரணம் புரிந்து, புதிய தேதிக்கு அவர் சம்மதிக்க வேண்டும். எதையும் திருத்தாதே. எந்த வாக்கியம் இரு பொருள் தருகிறது, அவர் கேட்கக்கூடிய எந்தக் கேள்விக்கு இதில் பதில் இல்லை என்று மட்டும் சொல்." யார் படிக்கிறார், படித்தபின் என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டும் இல்லாவிட்டால் மற்ற கட்டளைகளால் பெரிய பயன் இல்லை.

குறைகளை நீங்களே சரிசெய்தபின் இரண்டாம் சுற்று: "எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை மட்டும் திருத்து. தேதி, எண், பெயர், 'முயல்கிறோம்', 'வாய்ப்புண்டு' போன்ற சொற்களைத் தொடாதே." என்னென்ன மாற்றியது என்று அதனிடமே பட்டியல் கேட்டு நம்ப வேண்டாம், சிலவற்றை விட்டுவிடும். வேர்டில் ரிவ்யூ பகுதியில் உள்ள கம்பேர் வசதியில் பழையதையும் புதியதையும் வைத்துப் பாருங்கள், ஒரு சொல் மாறியிருந்தாலும் தெரியும். "120 சொற்களுக்குள்" என்றாலும் தாண்டும். அது உரையைச் சொல் சொல்லாக அல்ல, டோக்கன்கள் எனப்படும் சிறு துண்டுகளாகக் கையாள்கிறது. எண்ணிக்கையை நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும்.

பதில் 2

தமிழில் எழுதினால் இன்னொரு தொல்லை உண்டு. "கூட்டத்தில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது மற்றும் அது விரைவில் செயல்படுத்தப்படும்" என்பது போல எழுதித்தரும். தேவையில்லாத "ஒரு", வாக்கியங்களைத் தைக்கும் "மற்றும்", வரிக்கு வரி "பட்டது". நடை மட்டுமல்ல பிரச்சினை. முடிவெடுத்தது யார், செயல்படுத்துவது யார், எப்போது என்ற மூன்றுமே அதில் இல்லை. "படு" வரும் இடங்களைத் தேடி, ஒவ்வொன்றிலும் செய்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

சந்தியிலும் கவனம் வேண்டும். "அந்தக் கோப்பு" என்பதில் வல்லினம் மிகும். "வந்த கோப்பு" பெயரெச்சம், மிகாது. இரண்டையும் குழப்பிவிட்டு, அதற்கு இல்லாத விதி ஒன்றையும் உறுதியாகச் சொல்லும்.

பதில் 3

ஒட்டுவதற்கு முன் பெயர்களை "வாடிக்கையாளர் அ" என்றும், தொகைகளை "தொகை 1" என்றும் மாற்றிவிடுங்கள். சொந்தக் கணக்கு என்றால் அமைப்புகளில் டேட்டா கன்ட்ரோல்ஸ் பகுதிக்குப் போய்ப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் தேர்வை அணைக்கலாம். அணைத்தாலும் உரை அவர்கள் சர்வருக்குப் போகத்தான் செய்யும். உங்கள் நிறுவனம் எந்தக் கருவியை அனுமதிக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

கேட்டவர்

நன்றி. இவ்வளவும் செய்தால் நேரம் மிச்சமாகுமா?

பதில் 1

எதை எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2023இல் சயின்ஸ் இதழில் வெளியான, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வில், சாட்ஜிபிடியைப் பயன்படுத்தியவர்கள் எழுத்துப் பணியைச் சுமார் 40% குறைந்த நேரத்தில் முடித்தார்கள். தரமும் 18% உயர்ந்தது. ஆனால் அவை தனித்தனியான, சிறிய பணிகள். உங்கள் மின்னஞ்சலுக்குப் பின்னால் பழைய பேச்சுவார்த்தையும் ஒப்பந்தமும் இருக்கின்றன, அது கருவிக்குத் தெரியாது. மூன்று வரிப் பதிலுக்கு இதெல்லாம் வேண்டாம், நேராக எழுதி அனுப்புங்கள். பணம், கெடு, மன்னிப்பு சம்பந்தப்பட்ட கடிதங்களுக்கு இரண்டு சுற்றும் செய்யுங்கள்.