நெடுஞ்சாலைப் பயணத்துக்கு டேஷ்கேம் வாங்கலாமா?

செங்கற்பட்டுவாசி:

வணக்கம். பணி நிமித்தமாகச் செங்கற்பட்டுக்கும் திருச்சிக்கும் இடையே அடிக்கடி காரில் சென்று வருகிறேன். நான்குவழிச் சாலையில் எதிர்த்திசையில் ஏறி வரும் பைக்குகளும், நடுத்தடுப்பின் இடைவெளியில் சட்டென்று திரும்பும் டிராக்டர்களும் இந்த வழியில் போகிறவர்களுக்குப் புதிதல்ல. அண்மையில் உளுந்தூர்பேட்டையைத் தாண்டி ஓரிடத்தில், தவறான திசையில் வந்த பைக் ஒன்று எனக்கு முன்னால் சென்ற காரில் உரசி விழுந்தது. வந்தவருக்குச் சிராய்ப்புதான் என்றாலும், கூடிய கூட்டம் கார் ஓட்டியவரைத்தான் சூழ்ந்துகொண்டது. பின்னாலிருந்து பார்த்த நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அன்று முதல், காருக்குள்ளிருந்து சாலையைத் தொடர்ந்து வீடியோ எடுக்கும் டேஷ்கேம் ஒன்றை வாங்கும் எண்ணம் இருக்கிறது. ஆனால் மூவாயிரம் ரூபாயிலிருந்து இருபதாயிரம் வரை விலை சொல்கிறார்கள். பதிவு வழக்கில் செல்லுமா, காப்பீட்டில் ஏதேனும் பயன் உண்டா, நம் ஊர் வெயிலில் அது எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மதுரை வழக்கறிஞர்:

முதலில் காப்பீட்டைப் பற்றிய எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் முழுக் காப்பீடு இருந்தால், உங்கள் காரின் சேதத்துக்கான தொகை தவறு யாருடையது என்று பாராமலே கிடைக்கும். வீடியோ இருப்பதால் அதில் ஒரு ரூபாய்கூட ஏறப்போவதில்லை, கிளெயிம் வாங்கினால், கிளெயிம் இல்லாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளெயிம் போனஸும் போகத்தான் செய்யும். 2022இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதித்த, ஓடும் தூரத்தையும் ஓட்டும் முறையையும் பொறுத்துப் பிரீமியம் கணக்கிடும் திட்டங்களை டேஷ்கேமுக்கான தள்ளுபடி என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். அவை வேறு.

கேமராவின் உண்மையான மதிப்பு, உங்கள்மீது குற்றம் சுமத்தப்படும்போதுதான் தெரியும். ஒருவர் காயம்பட்டாலோ இறந்தாலோ, பெரிய வண்டியை ஓட்டியவர்மீது வழக்குப் பதிவது நம்மிடையே பெரும்பாலும் நடப்பதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் தொடரும் இழப்பீட்டு வழக்கில் தீர்ப்பாயம் இரு தரப்பின் கவனக்குறைவையும் எடைபோட்டு, எதிரில் வந்தவரின் பங்குக்கு ஏற்பத் தொகையைக் குறைக்கும். அந்தத் தொகையை உங்கள் காப்பீட்டு நிறுவனம் கட்டிவிடும். ஆனால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (கண்மூடித்தனமாக ஓட்டுதல்), 106 (கவனக்குறைவால் மரணம் விளைவித்தல்) போன்ற பிரிவுகளில் வரும் குற்ற வழக்கை எந்தக் காப்பீடும் சுமக்காது. அதை நீங்கள்தான் ஆண்டுக்கணக்கில் நடத்த வேண்டும். பைக் எந்தத் திசையில் வந்தது, நீங்கள் பிரேக் பிடித்தீர்களா என்பதைக் காட்டும் அரை நிமிடப் பதிவு அங்கே எத்தனையோ வாய்தாக்களை மிச்சப்படுத்தும்.

பதிவு செல்லுமா என்றால், செல்லும். ஆனால் முறைப்படி கொடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவைப் போலவே, மின்னணுப் பதிவுடன் சான்றிதழ் ஒன்றைக் கேட்கிறது. இப்போது அதில் இரண்டு பகுதிகள் உண்டு: ஒன்றைப் பதிவை அளிப்பவரும் மற்றொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் ஹாஷ் மதிப்பையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) குறிக்க வேண்டும். எனவே விபத்து நடந்ததும், காயம்பட்டவருக்கு உதவி கிடைக்கச் செய்த பிறகு, கேமராவை அணைத்து மெமரி கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வண்டி ஓட ஓடப் பழைய பதிவின்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அசல் கார்டைக் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அது வீடியோவைச் சுருக்கிவிடும், சுருங்கிய கோப்பின் ஹாஷ் அசலோடு ஒத்துப்போகாது.

இன்னொன்றும் உண்டு. கேமராவின் கடிகாரம் பின்தங்கியிருந்தால், எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஜி.பி.எஸ். உள்ள கேமரா நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பதால், சற்றுக் கூடுதல் விலை கொடுத்தாலும் அதையே பரிந்துரைப்பேன்.

ஆவடி ராஜன்:

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்கிறேன். செங்கற்பட்டுவாசி ஐயா விவரித்த கூட்டத்தின் நடுவே அந்தக் காரில் டேஷ்கேம் இருந்திருந்தாலும், அந்த நேரத்தில் வீடியோவைப் பார்க்க யாரும் காத்திருந்திருக்கப் போவதில்லை. மேலும், கேமரா ஓட்டுநரின் பக்கம் மட்டும் பேசாது. நீங்கள் நூற்றுப்பத்தில் போனதையும், கோட்டைத் தாண்டி முந்தியதையும் அதே நேர்மையுடன் பதிவுசெய்து வைக்கும். வண்டிக்குள் பேசும் குடும்பப் பேச்சும் மைக்கில் பதிவாகும். டயர் தேய்ந்திருக்கும் காரில் பத்தாயிரம் ரூபாய்க்குக் கேமரா மாட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்தை முதலில் டயருக்குச் செலவிடுவதே அறிவுடைமை என்பது என் எண்ணம்.

மதுரை வழக்கறிஞர்:

டயரைப் பற்றி ராஜன் ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். கேமரா நமக்கு எதிராகவும் சாட்சி சொல்லும் என்பதும் உண்மையே, அதைத் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும். விபத்துக்குப் பிறகு பதிவை அழித்தால், அது சாட்சியத்தை மறைத்தல் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 238ஆம் பிரிவின்கீழ் தனிக் குற்றமாகவே ஆகக்கூடும். மைக்கை அமைப்பில் அணைத்து வைக்கலாம். பிறருடைய முகமும் வண்டி எண்ணும் தெரியும் பதிவுகளைச் சமூக ஊடகத்தில் போடும் வழக்கம் பெருகி வருகிறது. அதை அறவே தவிர்த்துவிடுங்கள். வழக்குக்காக வைத்திருப்பது வேறு, ஊரார் பார்வைக்கு வைப்பது வேறு.

கோவை ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

வெயிலைப் பற்றி நான் சொல்கிறேன், பழுதாகி வரும் கேமராக்களை நாள்தோறும் பார்ப்பவன். உள்ளே லித்தியம் பேட்டரி உள்ள கேமராவைத் தமிழ்நாட்டுக் கோடையில் முன்கண்ணாடியில் ஒட்டி வைக்காதீர்கள். வெட்டவெளியில் மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டு மேற்பகுதி 60 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் பேட்டரி உப்பி, கேமராவின் பின்மூடியே பிளந்து நிற்பதைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் நிலைமை புரியும். பேட்டரிக்குப் பதிலாக மின்சாரத்தைச் சேமித்து வைக்கும், சூட்டை நன்கு தாங்கும் சூப்பர் கெபாசிட்டர் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். விலையில் கூடும் சில நூறு ரூபாய்க்கு அதுவே முதல் நியாயம்.

படத்தின் துல்லியத்தைக் குறிக்கும் 4கே என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பகலில் முன்னால் செல்லும் வண்டியின் எண்ணை அதைவிடத் துல்லியம் குறைந்த நல்ல 1080பி கேமராவே படித்துவிடும். இரவில் எதிரே வரும் வண்டியின் எண் 4கே கேமராவிலும் பெரும்பாலும் கலங்கிவிடும். நீங்கள் அறுபதில், அவர் அறுபதில் என்று வைத்துக்கொண்டால், ஒரு விநாடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் இரு வண்டிகளும் ஒரு மீட்டருக்கு மேல் நெருங்கிவிடுகின்றன. ஹெட்லைட் வெளிச்சம் வேறு. ஆனால் வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது தெளிவாகவே தெரியும், உங்கள் தேவைக்கு அது போதும்.

மெமரி கார்டில்தான் பலரும் சிக்கனம் பார்க்கிறார்கள். செல்போனுக்கான சாதாரண கார்டு, இடைவிடாமல் எழுதி அழிக்கும் இந்த வேலையில் விரைவில் தேய்ந்து, சத்தமில்லாமல் பதிவை நிறுத்திவிடும். 'ஹை எண்டூரன்ஸ்' என்று குறித்த கார்டையே வாங்கி, மாதம் ஒருமுறை கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். 1080பி அளவில் 64 ஜி.பி. கார்டு ஏறத்தாழ ஒன்பது மணி நேரப் பதிவைத் தாங்கும். அதிர்வை உணர்ந்து அந்தப் பதிவு அழியாதபடி பூட்டும் ஜி-சென்சாரின் உணர்திறனைக் குறைந்த அளவில் வையுங்கள். கூட்டி வைத்தால் நம் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றையும் விபத்தாக எண்ணி அந்தப் பதிவுகளைப் பூட்டி வைத்து, கார்டை நிரப்பிவிடும்.

பொருத்தும் இடம் ரியர்வியூ மிரரின் பின்னால், வைப்பர் துடைக்கும் எல்லைக்குள் இருக்கட்டும். அதற்கு வெளியே ஒட்டினால் மழையில் நீர்க்கோடுகள்தான் பதிவாகும். டேஷ்போர்டில் பளபளப்பான பிள்ளையார் சிலையோ வெள்ளைத் துணியோ இருந்தால், அதன் பிரதிபலிப்பு கண்ணாடியில் விழுந்து படத்தின் கீழ்ப்பாதியை மறைக்கும்.

செங்கற்பட்டுவாசி:

அனைவருக்கும் நன்றி. முன்பக்கம் மட்டும் பதிவுசெய்யும், சூப்பர் கெபாசிட்டரும் ஜி.பி.எஸ்ஸும் உள்ள 1080பி கேமராவை வாங்குவது என்று முடிவெடுத்துவிட்டேன். டயர்கள் புதியவை, ராஜன் ஐயா கவலைப்பட வேண்டாம். கடைக்காரர், கார் நின்றிருக்கும்போதும் பதிவுசெய்யும் 'பார்க்கிங் மோட்' வசதிக்காக, கேமராவைக் காரின் மின்சாரத்தோடு நேரடியாக இணைக்கும் ஹார்ட்வயர் கிட்டையும் சேர்த்து வாங்கச் சொல்கிறார். அது தேவையா?

கோவை ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

தெருவோரம் நிறுத்துபவர் என்றால் யோசிக்கலாம். வீட்டு வாசலுக்குள் நிறுத்துபவருக்குத் தேவையில்லை. 250 மில்லி ஆம்பியர் இழுக்கும் கேமரா ஒரு நாளில் 6 ஆம்பியர்-மணியைத் தின்றுவிடும். சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாளில் ஸ்டார்ட் ஆகாத நிலைக்கு வந்துவிடலாம். கிட் போட்டே ஆக வேண்டுமென்றால், மின்னழுத்தம் குறைந்தால் தானே துண்டிக்கும் வகையை வாங்கி, ஃப்யூஸ் பாக்ஸில் 'ஃப்யூஸ் டேப்' (ஏற்கெனவே உள்ள ஃப்யூஸ் இடத்திலிருந்து கிளை எடுக்கும் இணைப்பான்) வைத்து மின்சாரத்தை எடுங்கள். எந்தக் கம்பியையும் வெட்டி ஒட்ட விடாதீர்கள், வாரண்டி பிரச்சினையாகும். பக்கவாட்டுத் தூணில் ஏர்பேக் உள்ள காராக இருந்தால், கேபிள் அதன் முன்னால் குறுக்கே போகாமல் பின்புறமாகச் செல்கிறதா என்று அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் பலரும் கேபிளை முன்னால் செருகிவிட்டு மூடியை அழுத்திவிடுகிறார்கள். மற்றபடி 12 வோல்ட் சாக்கெட்டே உங்களுக்குப் போதுமானது.