கழன்ற தாடையை உட்கார வைப்பது: கையில் வந்த கேஸ்களிலிருந்து

அவசரப் பிரிவிலிருந்து:

பெரிதாகக் கொட்டாவி விட்டு, வாயை மூட முடியாமல் சைகை காட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். எச்சில் வடியும். காதுக்கு முன்னால் தொட்டால் பள்ளம் தட்டுப்படும். இரு பக்கமும் கழன்றிருந்தால் முகவாய் நேரே முன்தள்ளி நிற்கும். ஒரு பக்கம் மட்டும் என்றால் நல்ல பக்கமாகக் கோணும். அடிபட்டு வந்தவருக்கு வலிக்கிற பக்கமே கோணியிருந்தால் எலும்பு முறிவைச் சந்தேகப்படுங்கள். அடிபட்ட கேஸில் எக்ஸ்ரே பார்க்காமல் கை வைப்பது வேண்டாத வேலை.

தாடையெலும்பின் குமிழ் மூட்டுக்குழிக்கு முன்னாலுள்ள மேட்டைத் தாண்டிப் போய் நிற்கிறது. மெல்லும் தசைகள் இறுகி அதை அங்கேயே மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கின்றன. அதனால் முதலில் கீழே அழுத்த வேண்டும், பிறகுதான் பின்னால் தள்ள வேண்டும். எடுத்ததுமே பின்னால் தள்ளினால் குமிழ் மேட்டில் முட்டி நிற்கும், தசை இன்னும் இறுகும்.

தாழ்ந்த நாற்காலியில் உட்காரவைத்து, தலையைச் சுவரில் சாய்க்கவும். நோயாளியின் தாடை நம் முழங்கைக்குக் கீழே இருந்தால்தான் உடம்பின் எடை உதவும். கையுறைக்கு மேல் கட்டைவிரல்களில் காஸ் சுற்றி, கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு வெளியே உள்ள எலும்பு விளிம்பில் வைக்கவும். பல்லின் மேல் வைத்தால், மூட்டு உட்காரும் நொடியில் வாய் படக்கென மூடி விரல் சிக்கிவிடும். வெடுக்கென்று இழுக்காமல் சீராக அழுத்திக்கொண்டே இருங்கள், தசை தானாகச் சோரும். இரண்டும் சேர்ந்து வராவிட்டால் ஒவ்வொரு பக்கமாகச் செய்யலாம்.

தசை விடவே மாட்டேன் என்றால், காதுக்கு முன்னாலுள்ள அந்தப் பள்ளத்தில் 2% லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தை 1 முதல் 2 மி.லி. போடலாம். ஊசியைப் பின்னிழுத்து ரத்தம் வராததைப் பார்த்துவிட்டுத்தான் மருந்து. அரைத்தூக்கத்துக்கு மிடசோலம் கொடுப்பதென்றால் ஆக்சிஜனும் எச்சிலை உறிஞ்சும் சக்ஷன் கருவியும் பக்கத்தில் இருக்கட்டும். விழுங்க முடியாத எச்சில் நுரையீரலுக்குள் போகும்.

பல் மருத்துவப் பக்கத்திலிருந்து:

விரலை உள்ளே விடாமலும் முடியும். 5 அல்லது 10 மி.லி. சிரிஞ்சை (ஊசியில்லாமல்தான்!) ஒரு பக்கத்து மேல், கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே வைத்து, மெல்லக் கடித்தபடி முன்னும் பின்னும் உருட்டச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கமும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். பொக்கை வாய்க்கும் ஆடுகிற பல்லுக்கும் இது ஒத்துவராது.

வார்டு செவிலியர்:

சார், ஒண்ணு சேத்துக்கோங்க. வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு போட்ட பிறகோ, மனநோய்க்கு ஹாலோபெரிடால் போட்ட பிறகோ தாடை இழுத்துக்கிட்டா மருந்துச் சீட்டைப் பாருங்க. கண்ணு மேல சொருகி, கழுத்து திருகியிருந்தா அது மருந்தால வந்த தசை இழுப்பு. ப்ரோமெத்தசின் 25 மி.கி. மாதிரி முறிவு மருந்து போகாம தாடையை மட்டும் தள்ளி வெச்சா, திரும்பக் கழலும். படுத்த படுக்கையா இருக்குற பெரியவங்க வாயைத் திறந்தே வெச்சிருந்தா, வயசாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க. மூடச் சொல்லிப் பாருங்க. எண்டோஸ்கோபி (வாய் வழியா குழாய் விட்டுப் பாக்குறது) முடிஞ்சு வர்றவங்களுக்கும் இதே சோதனைதான்.

வாய்-முக அறுவை சிகிச்சையிலிருந்து:

செவிலியர் சொன்ன அந்தப் பெரியவர்கள்தான் எங்களிடம் தாமதமாக வந்து சேர்கிறார்கள். மூன்று நான்கு வாரம் கடந்தால் குழிக்குள் நார்த்திசு வளர்ந்துவிடும். அப்போது முழு மயக்கமும் தசைத் தளர்த்தியும் வேண்டும், சிலருக்குத் திறந்து அறுவை செய்ய வேண்டும். எலும்பு மெலிந்தவர்களிடம் பலம் காட்டினால் குமிழின் கழுத்தே முறியும். அழுத்தும்போது நாடித்துடிப்பு திடீரென இறங்குவதும் உண்டு; உடனே கையை விடுங்கள். முகவாயில் அடிபட்டுக் குமிழ் பின்னால் போயிருந்தால் காதில் ரத்தம் வருகிறதா, கேட்கிறதா என்று பாருங்கள். அதை அவசரப் பிரிவிலேயே தள்ளிப் பார்க்காமல் அனுப்பிவிடுங்கள்.

அடிக்கடி கழல்கிறவர்களுக்கு, நோயாளியின் ரத்தத்தையே மேல் மூட்டறையில் 2 மி.லி., மூட்டைச் சுற்றியுள்ள உறைப்பகுதியில் 1 மி.லி. செலுத்தி இறுகவைக்கலாம். அது பலிக்காவிட்டால் அறுவை. மேட்டைச் செதுக்கிக் குமிழைத் தடையின்றித் திரும்ப விடுவது ஒரு வழி. கன்ன எலும்பு வளைவை வெட்டிக் கீழிறக்கித் தடுப்பை உயர்த்துவது இன்னொன்று. நேரெதிரான யோசனைகள், இரண்டும் வேலை செய்கின்றன.

மறுபடி அவசரப் பிரிவு:

அனுப்பும்போது சொல்ல வேண்டியது: இரண்டு வாரம் குழைந்த சாப்பாடு, வாயை 2 செ.மீ.க்கு மேல் திறக்கக் கூடாது, கொட்டாவி வந்தால் முகவாய்க்குக் கீழே கை கொடுக்க வேண்டும். தலையோடு சேர்த்துக் கட்டும் கட்டு முகவாயைத்தான் தாங்க வேண்டும், தொண்டையை அழுத்தக் கூடாது. வாந்தி இருக்கிறவருக்கும் மயக்கம் தெளியாதவருக்கும் கட்டு வேண்டாம்.